சத்தம் கம்ப்யூட்டரில் இல்லை!

"அப்பா, கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணின பிறகும் கொய்ங்குன்னு சத்தம் வருதுப்பா" என்றான் பிளஸ் ஒன் படிக்கும் என் மகன். ஃபேன் கோளாறாக இருக்கும் என்று கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினேன். யூபிஎஸ்ஸையும் நிறுத்திப் பார்த்தேன். சத்தம் நிற்கவில்லை என்றான். எனக்கோ எதுவுமே கேட்கவில்லை. சத்தம் அவன் காதுக்குள் இருந்தது!

டாக்டர் இதை டின்னிட்டஸ் என்றார். அதன் பிறகுதான் மகன் எல்லாவற்றையும் சொன்னான். இரவில் வீடு அடங்கியதும் இரைச்சல் பெரிதாகுமாம். தூக்கம் வராது. மறுநாள் வகுப்பில் பாடம் மனதில் ஏறாது. இரைச்சலை மறைக்க ஹெட்போனில் பாட்டை இன்னும் சத்தமாக வைத்திருக்கிறான். சொன்னால் ஹெட்போனைப் பிடுங்கிவிடுவேனோ என்று பயந்து பல வாரங்கள் மறைத்திருக்கிறான்.

பெரியவர்களுக்கே 80 டெசிபல் சத்தம் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹார்டு டிஸ்க் போனால் புதிதாக வாங்கலாம். உட்காதின் நுண்முடி செல்கள் அழிந்தால் மீண்டும் வளராது.

கம்ப்யூட்டரைக் காக்க யூபிஎஸ், ஆன்ட்டிவைரஸ் என்று செலவு செய்கிறோம். காதுக்குச் செலவே இல்லை. டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் ஐகானை கிளிக் செய்து, வால்யூமை 60க்குக் கீழே வையுங்கள். அடிக்கடி ஹெட்போனைக் கழற்றச் சொல்லுங்கள்.

முக்கியமாக, காதில் இரைச்சல் என்று பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான். உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.