கோப்பியும் கொப்பியும் மூக்குப்பேணியும்

புலம்பெயர்ந்து வாழும் யாழ்ப்பாணத்தவரின் வீடுகளில், வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரிக்குள் பித்தளை மூக்குப்பேணி ஒன்று வீற்றிருப்பது இப்போது வழமையாகிவிட்டது. புளியும் சாம்பலும் போட்டு மினுக்கிய பேணி. பக்கத்தில் ஒரு பாக்குவெட்டியும் இருக்கும். பாட்டன் பூட்டன் காலத்துச் சொத்தைப் பாதுகாத்து வைப்பதில் தவறேதுமில்லை. எனது ஆட்சேபம் பேணியின்மீது அல்ல. பேணியைச் சுற்றிக் கட்டப்படும் கதையின்மீதுதான்.

கதை இதுதான். அந்தக் காலத்தில் நாம் வீட்டில் வறுத்து இடித்த கோப்பியைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மூக்குப்பேணியில் குடித்தோம்; அது கலப்பற்ற பண்பாடு. இன்றைய பெண்களோ பணியாரம் சுடத் தெரியாமல் கேக் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அது அந்நிய மோகம். ஊர்ச் சங்கங்களின் ஆண்டுமலர்களில் இத்தகைய கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கோப்பி வறுக்கும்போது எந்தப் பதத்தில் சட்டியை இறக்குவது என்று கேட்டால், அவர்களில் எத்தனைபேர் பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

முதலில் கோப்பியின் பூர்வீகத்தைப் பார்ப்போம். இலங்கையில் கோப்பிச்செடி பழையதுதான். ஆனால் அது பெரும் பயிரானது ஆங்கிலேயர் காலத்தில், 1820களில் கம்பளைப் பகுதியில் தோட்டங்கள் தொடங்கிய பின்னரேயாகும். அந்தக் காடுகளை வெட்டியவர்களும் கோப்பி பறித்தவர்களும் யார்? பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து தள்ளப்பட்ட மக்கள். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைவரை கால்நடையாகவே சென்றார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் செத்தவர்கள் ஏராளம். 1869 இல் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இரண்டு தசாப்தங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்காக வந்தவர்களின் சந்ததியினரும் தேயிலைக்காக வந்தவர்களும் மலையகத்தில் நிலைத்தார்கள். அவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 'எங்கள் கோப்பி' என்று உருகும் கட்டுரை எதிலும் இந்த மக்களைப் பற்றி ஒரு வரியையேனும் நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டிலும் கோப்பி புதிதாக வந்த பழக்கந்தான். அங்கு அது எப்படி நுழைந்தது, யார் அதை எதிர்த்தார்கள், பின்னர் எப்படி அது மேன்மையின் அடையாளமாயிற்று என்பதையெல்லாம் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தமது நூலில் விளக்கியிருக்கிறார். அந்தத் தலைப்பையாவது எம்மவர் ஒருதடவை உரக்கப் படித்துப் பார்க்கலாம்.

கேக் அந்நியம் என்பவர்கள் காலையில் சாப்பிடுவது பாண். அது போர்த்துக்கீசச் சொல். பாணைச் சுடும் போறணையும் போர்த்துக்கீசம். பிஸ்கோத்தும் அவ்வாறே. பேணியைப் பூட்டி வைத்திருக்கும் அலுமாரியும் அவர்கள் தந்த சொல்லே. கப்பலில் வந்த கோப்பி நமது பண்பாடாகலாம், கப்பலில் வந்த கேக் ஆகக்கூடாது என்பது என்ன நியாயம்? மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்துக் கோப்பியை நமதாக்கிக் கொண்டார்கள் நமது பெண்கள். அதே கைகள்தான் ரவையும் கஜுவும் பூசணி அல்வாவும் சேர்த்துக் கேக்கையும் நமதாக்கின. முன்னதைப் புகழ்ந்து பின்னதைப் பழிப்பதற்கு ஒரு காரணமுமில்லை.

இனி மூக்குப்பேணிக்கு வருகிறேன். அதற்கு மூக்கு எதற்காக? உதடு படாமல் அண்ணாந்து வாயில் ஊற்றிக் குடிப்பதற்காக. எச்சில் படாத சுத்தம் என்று இதை மெச்சுகிறார்கள். ஒரு பாத்திரத்தைப் பலர் பாவிக்கும் வீட்டில் அது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுத்தத்துக்கும் ஒரு எல்லை இருந்தது. உதடு படாத பாத்திரத்தைக்கூடச் சிலருடைய கை தொடக்கூடாது என்றிருந்தது.

எழுபதுகளின் பிற்பகுதியில், எங்கள் அம்மம்மா வீட்டில் மாதம் ஒருதடவை கோப்பி இடிப்பார்கள். வறுப்பது அம்மம்மா. உரலில் இடித்துத் தருவதற்கு அயலிலிருந்து ஒரு பெண் வருவார். ஊரெல்லாம் மணக்க மணக்க இடித்து, அரித்து, போத்தலில் அடைத்துக் கொடுப்பார். முடிந்ததும் அவருக்கும் கோப்பி உண்டு. அது கொல்லைப்புறத்தில், வேலியில் செருகியிருந்த சிரட்டையில் வார்க்கப்படும். குடித்துவிட்டு, சிரட்டையைத் தாமே கழுவிப் பழைய இடத்தில் செருகிவிட்டுப் போவார். அம்மம்மா கொடியவர் அல்லர். ஊரில் எல்லாரும் நல்லவர் என்று சொன்னவர். அதுதான் யோசிக்கவேண்டிய விஷயம். நல்லவர்களின் வீட்டிலும் சிரட்டை வேலியில்தான் இருந்தது. இன்று பேணி அலுமாரியில் இருக்கிறது. சிரட்டையை யாரும் எடுத்து வைக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே இருக்க இடமில்லை. தனிப் போத்தலிலும் தகரப்பேணியிலும் கொடுத்தார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்ததால் கடை திறந்துவிடவில்லை. சிறுபான்மைத் தமிழர் மகாசபையினரும், அறுபதுகளில் இடதுசாரிகளும் கடை வாசல்களில் நின்று போராடவேண்டியிருந்தது. அடிபட்டார்கள், உயிரையும் கொடுத்தார்கள். ஒரு கோப்பை தேநீருக்காக மனிதர் இறந்த ஊர் எங்கள் ஊர். கே. டானியல் போன்றவர்கள் எழுதியிருக்காவிட்டால் அதுவும் மறைந்து போயிருக்கும்.

"ஏன் பழைய புண்ணைக் கிளறுகிறீர்? போரில் எல்லாரும்தானே எல்லாவற்றையும் இழந்தோம்" என்று கேட்பார்கள். உண்மை. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது, பித்தளைப் பாத்திரங்களைக் கிணற்றில் இறக்கிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, பாத்திரம் இல்லை. அந்த இழப்பைப் பேசுவோம். கூடவே 1990 ஒக்ரோபரையும் பேசுவோம். விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத்தெரு வீடுகளிலும் பாட்டிமாரின் பாத்திரங்கள் இருந்தன. அவை எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போயின என்று நாம் கேட்டோமா? நமது பேணி தொலைந்தது மட்டும் வரலாறு, மற்றவருடையது தொலைந்தது செய்தி என்று இருக்க முடியாது.

பரம்பரைச் சொத்து என்பது பித்தளையல்ல என்பதே எனது திடமான அபிப்பிராயம். பித்தளையைக் கடையில் வாங்கலாம். இப்போது புதிதாக வார்த்துப் பழையதுபோல் விற்கிறார்கள். வாங்க முடியாதது வேறொன்று. கோப்பியைவிடக் கொப்பி பெரிது என்பேன். எங்கள் அம்மாமார் பலரிடம் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தது. இறாத்தலிலும் அவுன்சிலும் கேக் அளவுகள். இடையிடையே சீட்டுக் கணக்கு. ஓரத்தில் "இன்னாரின் அளவு" என்று அதைத் தந்தவரின் பெயர். தொண்ணூறுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் போட்டு, அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பிறந்தநாள் கேக் சுட்டார்கள். வெளியே செல் விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு அந்த நாள் அந்த நாளாகவே இருக்கவேண்டும் என்பதற்காகச் சுட்டார்கள். அதை அந்நிய மோகம் என்று எழுதும் பேனாவுக்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டும்.

அந்தக் கொப்பிகள் எங்கே? யாரும் அவற்றைக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. எண்ணெய்க்கறை படிந்த கடதாசி என்று குப்பைக்குப் போயின. எழுதியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, ஆண்டுமலர்க் கட்டுரையாளர்களுக்கு எனது வேண்டுகோள் இது. பேணியை வெளியே எடுங்கள். அதில் குடியுங்கள், அது குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. உங்கள் தாயாரோ பெரியம்மாவோ உயிரோடிருந்தால், பக்கத்தில் இருந்து அவர் சொல்லும் அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். கேக்கையும் சேர்த்தே எழுதுங்கள், யாருடைய அளவு என்ற பெயரையும் எழுதுங்கள். பிள்ளைகள் பேணியைப் பற்றிக் கேட்டால், மூக்கு எதற்கென்று சொல்லுங்கள். கோப்பியை மலையில் பறித்தவர் யார், வீட்டில் இடித்தவர் யார், இடித்தவர் எதில் குடித்தார் என்பதையும் சொல்லுங்கள். அவர்கள் வெட்கப்பட்டால் படட்டும். சிரட்டையை மறைத்துவிட்டுப் பேணியை மட்டும் கையளிப்பவர், பிள்ளைகளுக்குக் கொடுப்பது பாதிச் சொத்தைத்தான்.