வேங்கையா, செம்மரமா?

அப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்திப் பதினெட்டு நாள் ஆகிறது என்று, அட்டையில் மிச்சத்தை எண்ணியபோதுதான் தெரிந்தது. (பி.காம். என்பதால் எண்ண மட்டும் வரும்.)

"எதுக்குடா மாத்திரை? வேங்கை டம்ளர் இருக்கே!" என்றார். தாம்பரத்தில் பிளாட்ஃபாரக் கடையில் வாங்கியதாம். ராத்திரி தண்ணீர் ஊற்றினால் காலையில் செக்கச் சிவப்பு.

ஆபீஸில் சொன்னேன். "சிவப்பா? செம்மரம்ப்பா அது! போலீஸ் வரும்" என்று பக்கத்து சீட்டுக்காரர் வயிற்றில் புளியைக் கரைத்தார். அன்று மின்ரயிலை விட்டு இறங்கியதும், காக்கிச் சட்டை போட்ட ஆட்டோ டிரைவரைப் பார்த்தே எனக்கு வேர்த்தது.

டம்ளரைப் பையில் மறைத்துக்கொண்டு சேலையூர் ஆசாரியிடம் ஓடினேன்.

"வேங்கையும் செம்மரமும் பங்காளிங்க சார். ஆனா செம்மர வைரம் தண்ணியில கல்லு மாதிரி முங்கும். வேங்கை மிதக்கும்."

டம்ளரை வாளியில் போட்டேன். மிதந்தது. "டம்ளர்னா மிதக்காம? படகு கூடத்தான் மிதக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு, உளியால் ஒரு சில்லு எடுத்துப் போட்டார். அதுவும் மிதந்தது. அப்பாடா, ஜெயில் இல்லை.

"ஆனா இது வேங்கையும் இல்ல. வெறும் சாயம். செம்மரத்துச் சாயமே பச்சைத் தண்ணியில லேசுல இறங்காது, ஸ்பிரிட்டுலதான் இறங்கும்." நம்ம ஊர்க்காரன் மாதிரி!

பழைய வேங்கை நிலைப்படித் துண்டு ஒன்றைச் சீவி, பாட்டில் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தார். டிகாக்ஷன் நிறத் தண்ணீரின் ஓரத்தில் மயில் கழுத்து நீலம்!

இந்த மாதிரி நீலத்தை 1565-லேயே மோனார்டஸ் என்கிற ஸ்பெயின் டாக்டர் எழுதி வைத்தார். அவர் சொன்னது மெக்ஸிகோ மரம். அதே பெயரில் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கோப்பைகளோ வேங்கையின் இன்னொரு பங்காளி. இரண்டும் வேறு வேறு என்று பிரித்துச் சொல்ல 1915 ஆயிற்று. அப்பா ஏமாந்தது பெரிய தப்பில்லை.

வேங்கைக்குச் சர்க்கரையில் பலன் உண்டா என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சோதித்து, 1998-ல் முடிவு வெளியிட்டது. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் அது டாக்டர்கள் பார்த்துப் பார்த்து அளந்து கொடுத்த மரச்சாறு. பிளாட்ஃபார டம்ளர் இல்லை.

மறுநாள் லேபில் அப்பாவுக்கு 286. ஒன்றும் பேசாமல் மாத்திரைக்கு வந்துவிட்டார்.

டம்ளரில் இப்போது பேனாக்கள். ஆசாரி தந்த பாட்டிலை அப்பா தினமும் வெயிலில் தூக்கிப் பார்க்கிறார், குடிப்பதில்லை. நான் அட்டையை எண்ணுகிறேன்.