செட்டிநாட்டு வீடுகளின் ஜாபிதா

செட்டிநாட்டில் வீடுகள் இடிந்து வருகின்றன. பர்மாத் தேக்குத் தூண்களும் சித்திர வேலை செய்த நிலைகளும் பெயர்க்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அங்கிருந்து வேற்றூர் ஓட்டல்களுக்கு அலங்காரமாகப் போகின்றன. விற்பவர்களை நிந்திப்பது எளிது, ஆனால் நியாயமன்று. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், 1962-க்குப் பின் அந்நாட்டு ராணுவ சர்க்கார் தொழில்களைத் தேசீயமாக்கியதும் அக்குடும்பங்களின் செல்வத்தை முறித்தன. இன்று ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். ஓடு மாற்றவும் அனைவர் சம்மதமும் வேண்டும்.

இவ்வீடுகளைச் சட்டம் ஏன் காக்கவில்லை? 1958-ஆம் வருஷத்து மத்திய சட்டமும் 1966-ஆம் வருஷத்து மாகாணச் சட்டமும் கோயில், கோட்டை, கல்வெட்டு முதலிய தனிச் சின்னங்களையே பெரும்பாலும் காத்து வந்திருக்கின்றன. "இந்த வீட்டில் மட்டும் என்ன விசேஷம்?" என்று கேட்டால், பக்கத்து வீட்டிலும் அதே முகப்பும் வளவும் உண்டு என்பதே விடை. அதனால் எந்த வீடும் ஜாபிதாவில் ஏறுவதில்லை.

கேள்வியே தவறு என்கிறோம். செட்டிநாட்டின் மேன்மை ஒரு வீட்டில் அடங்குவதன்று. ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகளின் வரிசை, கூரையில் விழும் மழைநீரை ஊருணிக்குக் கொண்டுசெல்லும் கால்வாய், ஊர்க் கோயில் ஆகிய எல்லாம் சேர்ந்ததே அது. ஊருணி தூர்ந்தால் வீட்டின் பொருளும் பாதி போயிற்று.

தொகுதியாகப் பதியும் முறை புதிதன்று. 1987-ல் உலக மரபு ஜாபிதாவில் ஏறிய தஞ்சைப் பெரிய கோயிலோடு, 2004-ல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்க்கப்பட்டன. 2025-ல் நமது செஞ்சிக் கோட்டை, மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றுடன் ஒரே தொகுதியாக ஏறிற்று. அமெரிக்காவின் தேசிய ஜாபிதாவிலும் இம்முறை உண்டு. தொகுதியின் சரித்திரத்தை ஒருமுறை எழுதுவார்கள்; கட்டடங்களை வகை பிரிப்பார்கள்; ஒவ்வொரு வகைக்கும் இன்ன லட்சணம் வேண்டுமென்று வரையறுப்பார்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் சிறு குறிப்பே போதும்.

செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேச ஜாபிதாவில் இடம்பெற்றன. மகிழ்ச்சியே. ஆனால் உத்தேச ஜாபிதா ஒரு கடப்பாரையையும் தடுக்காது. 2012-ல் மரபுக் கமிஷன் சட்டம் நிறைவேறியும், நெடுங்காலம் அது அமலுக்கு வராமலே கிடந்தது.

ஜாபிதாவில் ஏறினால் சொத்து கைகட்டப்படும் என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் பொய்யன்று. தடையை மட்டும் கொண்டுவரும் ஜாபிதா, அது வருமுன்னரே வீட்டை இடிக்கத் தூண்டும். ஆகவே பழுதுபார்க்கப் பணவுதவியும், வரிச் சலுகையும், வீட்டினுள் வசதி செய்துகொள்ளும் உரிமையும் ஜாபிதாவோடு கூடவே வரவேண்டும்.

சர்க்காரின் உத்தரவுக்குக் காத்திராமல், ஊர்தோறும் வாலிபர்கள் இன்றே தெருக்களை அளந்து, படமெடுத்து, முதியோரிடம் வீட்டின் வரலாற்றைக் கேட்டு எழுதுவார்களாக. அரசர் எழுப்பியவை மட்டுமே தேசத்தின் செல்வமல்ல. குடிகள் எழுப்பிய ஊர்களும் நமது சரித்திரமே. இடிந்தபின் எழுதும் ஜாபிதா இரங்கற்பாவாகவே முடியும்.