சுமையை இயந்திரம் சுமக்கட்டும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவை அடுத்துள்ள கோலா சாவா வட்டாரத்தில் முன்பு இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. பால்வெட்டுத் தொழிலாளர்களின் வேலை மரம் சீவுவதோடு முடிந்துவிடவில்லை. பால் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, தோளில் சுமந்து, நிறுக்கும் கொட்டகைவரை நடந்தனர். அவர்களின் திறமை சீவும் கத்தியில் இருந்தது. களைப்போ சுமையில் இருந்தது. நூற்பாலைத் தொழிலாளர்களின் நிலையும் இத்தகையதே.

தமிழ்நாட்டின் கோயம்புத்தூரில் 1888ஆம் ஆண்டு தொடங்கிய நூற்பாலைத் தொழில், 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் வேகமாக வளர்ந்தது. அங்குப் பஞ்சு பல கட்டங்களைக் கடந்தே நூலாகிறது. முதலில் அது தடித்த திரியாகி, 'கேன்' எனப்படும் உயரமான கலன்களில் சுருண்டு விழும். கலன் நிறைந்ததும் அதை அகற்றி, வெறுங்கலனை வைத்து, நிறைந்ததை அடுத்த இயந்திரத்திற்கு உருட்டிச் செல்ல வேண்டும். இறுதிக் கட்டத்தில், ஒரே இயந்திரத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கதிர்கள் சுழலலாம். நூல் நிறைந்த குழல்களைக் கழற்றி, வெறுங்குழல்களை மாட்ட வேண்டும். நாள்தோறும் இதே வேலைதான்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆலைகளில் இவ்வேலையைச் சிறுவர்களே செய்தனர். 1908 முதல் லூயிஸ் ஹைன் எடுத்த நிழற்படங்கள் அக்கொடுமையை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தன.

இன்று கலன் மாற்றுவதையும் குழல் கழற்றுவதையும் இயந்திரங்களே செய்ய முடிகிறது. இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. இயந்திரம் நின்றிருக்கும் நேரம் குறைகிறது. கைபட்டுத் திரி கலைவதும், ஒருவகை நூல் மற்றொன்றுடன் கலந்துவிடுவதும் தவிர்க்கப்படுகின்றன. இவை எல்லாவற்றையும்விட, தொழிலாளியின் முதுகும் தோளும் காப்பாற்றப்படுகின்றன.

இதனால் பலர் வேலை இழப்பர் என்பது சிலரின் வாதம். அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால், சுமப்பதை மட்டுமே ஒருவருக்குரிய வேலையாக விட்டுவைப்பது அவருக்குச் செய்யும் உதவியாகாது. கலன் தள்ளியவருக்கு இயந்திரத்தைக் கண்காணிக்கவும் பழுதுபார்க்கவும் கற்றுத் தருவதே சரியான வழி. அப்பயிற்சி, இயந்திரம் வந்திறங்கும் முன்பே தொடங்க வேண்டும். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்று முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மலேசியத் தமிழர்களுக்கு இப்பாடம் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பல. அந்நிலையில், துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்களின் சிறுசேமிப்பு ஒன்றுதிரண்டு, தோட்டங்களையே வாங்கியது. மாற்றத்தைக் கண்டு ஒதுங்காமல், அதில் தமக்கும் பங்கு தேடியவர்கள் அவர்கள்.

கோலா சாவா போன்ற வட்டாரங்களில் இன்று செம்பனை வளர்கிறது. இனி அங்கும் சுமையை இயந்திரம் சுமக்கட்டும். ஆனால், மிச்சமாகும் நேரமும் பெருகும் இலாபமும் முதலாளியிடம் மட்டும் தங்கிவிடக் கூடாது. தோளிலிருந்து சுமை இறங்கும்போது, தொழிலாளியின் கையில் ஒரு புதிய திறன் ஏற வேண்டும். அதுவே உண்மையான முன்னேற்றம்.