குனிந்து எடுத்தால் பத்து ரூபாய்

முப்பத்தொரு வருடம் மேட்டுப்பாளையம் – கோத்தகிரி தடத்தில் கண்டக்டராக இருந்தேன். தோல் பையைக் கழற்றி ஆறு வருடம் ஆகிறது. கண் மட்டும் இன்னும் சில்லறையைத்தான் தேடுகிறது. காலை ஆறு மணிக்கு அரவேணுவிலிருந்து குஞ்சப்பனை பக்கமாக இறங்கி நடப்பேன். பஸ் நிற்கும் இடங்களில், ஒரு கையில் பையும் மறு கையில் பிள்ளையுமாக இறங்குகிறவர்கள் கால் வைக்கும் அந்த ஓரடி மண்ணில், வாரத்துக்கு ஒன்றிரண்டு காசு கிடைக்கும். போன மாதம் கிடைத்தது மண் அப்பிய இருபத்தைந்து பைசா. 2011 ஜூனோடு செல்லாமல் போன காசு அது. அதையும் துடைத்து வைத்திருக்கிறேன். டிக்கெட்டின் பின்னால் பாக்கி எழுதி வாங்கிக்கொண்டு, இறங்கும்போது கேட்க மறந்து போனவர்களின் முகங்கள் சில எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ஒரு ரூபாயை நான் ஒருநாளும் அற்பமாக நினைத்ததில்லை.

காசுக்குக் குனிந்தவன் பாட்டிலுக்கும் குனியத் தொடங்கியது 2022-க்குப் பிறகு. காட்டுக்குள் வீசப்படும் மதுப்பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. அந்த ஆண்டு மே மாதம் எங்கள் நீலகிரியில்தான் முதலில் திட்டம் வந்தது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும்.

யானை ஏன் என்று கேட்பவர்கள் பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைக்கு வந்து பார்க்க வேண்டும். வாசனை பிடித்துக் குட்டியோடு மேலே ஏறி வரும். ஓடும் காரிலிருந்து எறிந்த பாட்டில் பாறையில் பட்டால் கழுத்து ஒரு பக்கம் போகும், அடிப்பாகம் கிண்ணம் மாதிரி மண்ணில் உட்காரும். விளிம்பெல்லாம் பல். உள்ளே மழைத் தண்ணீர் நின்று இலைக்கடியில் மறைந்திருக்கும். அப்படி ஒன்றை எடுக்கப் போய் என் கட்டைவிரல் கிழிந்தது. எனக்கு ஆஸ்பத்திரி இருந்தது, தையல் போட்டார்கள். பாதத்தில் சீழ் பிடித்த யானை தண்ணீருக்கும் தீனிக்கும் நடக்க முடியாமல் நின்ற இடத்திலேயே மெலியும்.

சாக்கில் மதுப்பாட்டிலோடு வீட்டுக்கு வந்த முதல் நாள் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "என்னங்க இது, குடிக்காத மனுசனைப் பத்தி ஊரு என்ன பேசும்?" அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் ஊர் பேசவில்லை. ஒரு மாதத்துக்குள் எஸ்டேட் லைன் வீட்டுப் பையன்கள் எனக்கு முன்னாலேயே எழுந்து போய்ப் பொறுக்கிவிட்டார்கள். எனக்குக் கிடைக்காமல் போனதில் அத்தனை சந்தோஷம்.

நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தப் பத்து ரூபாயை மதுப்பாட்டிலோடு நிறுத்தக்கூடாது. தண்ணீர், கூல் டிரிங்க்ஸ் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் தமிழ்நாடு முழுக்க முன்பணம் வைக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியும் இருக்கிறது. ஆனாலும் சீட்டுக்கு அடியில் ஏறி வந்துவிடுகிறது. சாவடியில் இரண்டு பேர் எத்தனை வண்டியைப் பார்ப்பார்கள்? விலை வைத்துவிட்டால் ரோட்டில் போகிற ஒவ்வொருவரும் பார்ப்பார்கள். இப்போது அந்தப் பாட்டிலை யாரும் தொடுவதில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குத்தான் போடலாம், ஒரு கிலோ சேர ஐம்பது பாட்டிலுக்கு மேல் வேண்டும். மலையில் அதைச் சுமந்து ஏறுகிறவருக்குக் கூலிகூடத் தேறாது.

என் அக்கா மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அங்கே 2003-லிருந்து பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட் முன்பணம். கடையிலேயே இருக்கும் மெஷினில் போட்டால் ரசீது வரும், கல்லாவில் காசு. அவன் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. திருப்பிக் கொடுக்க நேரமில்லாதவர்கள் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் அதன் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டுப் போவார்களாம். பொறுக்கி வாழும் வயதானவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக.

இப்படி வைத்துவிட்டுப் போவதற்குச் சட்டமோ மெஷினோ வர வேண்டியதில்லை. மலைக்கு வருகிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பத்து ரூபாய் உங்களுக்குப் பெரிதில்லை என்றால், பாட்டிலை உடைக்காமல், புதருக்குள் எறியாமல், ரோட்டோரம் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போங்கள்.

போன திங்கட்கிழமை மூன்றாவது வளைவின் தடுப்புச் சுவரில் நான்கு பாட்டில்கள் வரிசையாக நின்றிருந்தன. ஸ்டிக்கர் கிழியாமல், மூடியும் போட்டிருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை. நான் எடுக்கவில்லை, லைன் வீட்டுப் பையன்கள் இன்னும் எழுந்து வந்திருக்கவில்லை.