டேப்பும் கத்தரியும் இன்னும் எத்தனை நாளைக்கு?

நேரு வீதியில் டெய்லர் கடைகள் அருகிவிட்டன, இன்னும் பத்து வருஷத்தில் ஒன்றுகூட மிஞ்சாது என்று கடற்கரையில் நடக்க வரும் நண்பர்கள் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி என்பது என் கட்சி.

அந்த வீதியைத் துய்ப்ளெக்ஸ் வீதி என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். துணிக்கடையில் சட்டைத்துணி கிழித்து வாங்கினால், அப்படியே நாலு கடை தள்ளி டெய்லரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். ஜூலை 14, நவம்பர் 11 விழாக்களில் நம் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு நின்ற கோட்டுகளில் பல இந்த ஊர்க் கைகள் தைத்தவை. இப்போது தரைத்தளம் முழுக்க கம்பெனி ஷோரூம், செல்போன் கடை. வாடகை கட்டுப்படியாகாத டெய்லர் மாடிக்கோ சந்துக்கோ போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குவித்து விற்கும் சட்டையின் விலை, அவர் கேட்கும் தையல் கூலியைவிடக் குறைவு. பிறகு யார் மாடி ஏறுவார்கள்?

ஆனால் பெண்களின் ஜாக்கெட் தைக்கிற கடைகளைப் பாருங்கள். தெருவுக்கு இரண்டு இருக்கின்றன. கூலி அங்கேயும் ஏறித்தான் இருக்கிறது, கூட்டம் குறையவில்லை. காரணம் எளிது. தோளில் ஒரு விரல் அளவு தளர்ந்தாலும் பெண்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆண்களாகிய நாம்தான் 'மீடியம்', 'லார்ஜ்' என்று எழுதியிருந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். ஆகவே தொழிலைக் கொன்றது ரெடிமேடு மட்டுமல்ல, நம் அலட்சியமும்தான்.

பள்ளியில் படித்த பிரெஞ்சில் ரெடிமேடுக்கு 'ப்ரெத்-ஆ-போர்த்தே' என்று பெயர், உடுத்தத் தயார் என்று பொருள். துணி தயார், சரி. எழுபது வயது உடம்பு தயாரா? முதுகு லேசாகக் கூனியவருக்குச் சட்டையின் பின்பக்கம் நீளமாக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். இடுப்புக்குச் சரியான பேன்ட் வாங்கினால் தொடை தொளதொளக்கும், கால் நீளும். டெய்லர் நிற்க வைத்துப் பார்த்த பார்வையிலேயே இதையெல்லாம் கணக்குப் போட்டுவிடுவார். உள்ளே துணியும் கொஞ்சம் விட்டு வைப்பார், பின்னால் வயிறு பெருத்தால் பிரித்துவிடலாம். ரெடிமேடில் பிரிக்கத் துணி ஏது?

எனக்குள்ள கவலை கடையைப் பற்றி அல்ல, கையைப் பற்றி. காஜா எடுத்து, பட்டன் கட்டி, மிஷினில் உட்கார்ந்து, பல வருஷம் கழித்துத்தான் ஒருவர் கையில் கத்தரி வரும். இன்று கட்டிங் மாஸ்டர்களுக்கு நம் வயது. கற்றுக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை.

அரசாங்கத்தில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் ஒரு யோசனை. பயிற்சித் திட்டம் என்றால் சில மாத வகுப்பு, சான்றிதழ், குரூப் போட்டோ என்று முடித்துவிடுவார்கள். கட்டிங் அப்படி வராது. மாஸ்டரின் கடையிலேயே ஆளைச் சேர்த்து, கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கும் மாதம் ஒரு தொகை தர வேண்டும். யாரைச் சேர்ப்பது? ஜாக்கெட் தைக்கிற பெண்களைச் சேர்க்கலாம். அவர்களுக்கு மிஷினும் தெரியும், உடம்பின் கணக்கும் தெரியும். கற்க வேண்டியது சட்டை, பேன்ட் கட்டிங்தான். ஒரு பெண் எப்படி ஆணுக்கு அளவெடுப்பாள் என்று கேட்காதீர்கள். கூச்சப்படுகிறவர் அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினால் போகிறது.

ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி மில்களை மூடியபோது நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது கோடிகளின் விஷயம். டெய்லர் விஷயம் அப்படியல்ல. வருஷத்துக்கு இரண்டு சட்டை தைக்கக் கொடுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் போய் அவசரப்படுத்தாமல், வேலை குறைவான ஆடியிலேயே கொடுத்துவிடுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். மூன்று வருஷம் உழைக்கும் சட்டைக்கு அது அதிகமில்லை. முடிந்தால் பேரனையும் கூட்டிப் போங்கள். தன் தோளுக்கென்று வெட்டிய சட்டையை ஒரு தடவை போட்டுப் பார்த்தால் வித்தியாசம் அவனுக்கே புரியும்.