மெதுவாய் நடந்த யாக்கோபு



கோடை விடுமுறைக்குத் தனுவச்சபுரம் வருகிற நம் குடும்பங்கள் பல, ஒருநாள் கொச்சி வண்டர்லாவுக்குப் புறப்படுகின்றன. 2000ஆம் ஆண்டு வீகாலாந்து என்னும் பெயரில் திறக்கப்பட்ட பூங்கா அது. தூரம் 200 கிலோமீட்டருக்கும் அதிகம். பின்னிரவிலேயே வண்டியேற வேண்டும்.

அப்படிச் சென்ற ஒரு குடும்பத்தில், மூத்த இருவரும் தகப்பனோடு சறுக்குகளில் ஏறினர். எட்டு மாதக் குழந்தையை மடியிலிட்டுத் தாய் பகல் முழுவதும் நிழலில் அமர்ந்திருந்தாள். மாலையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, உடனே திரும்பினார்கள். வழியில் பத்து வயது மகள், "இவன் பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்றாளாம். அந்தத் தாய் என்னிடம் அழுதது காய்ச்சலுக்காக அல்ல, அந்தச் சொல்லுக்காக.

ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஏசா உடன்வர அழைத்தபோது, யாக்கோபு தன் இளம்பிள்ளைகளைக் காட்டி, அவர்களால் இயன்ற அளவே நடப்பேன் என்று பின்தங்கினான். (பிறகு அவன் சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போனது வேறு காரியம்.)

கைக்குழந்தை உள்ள ஆண்டில் நெய்யாறு அணைக்கட்டு போதும். நண்பகலுக்குள் வீடு சேரலாம். கொச்சிக்கே போவதானால், தகப்பன்மாரே, பாதிநாள் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நான் விசாரித்தபோது அந்த மகள் சொன்னாள்: ஒருமுறையாவது அம்மாவோடு தண்ணீரில் இறங்க அவள் காத்திருந்தாளாம்.